நிச்சயத்துக்கு வந்த கட்டி

அக்கா மேஜைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். அவளுக்கு வயது ஐம்பத்தேழு, எனக்கு ஐம்பத்துநான்கு, இன்னும் கிள்ளுகிறாள்.

"தராசு கொண்டாந்திருக்கியா?"

"கொண்டாந்திருக்கேன்."

"உரைகல்லு?"

"இருக்கு."

"காந்தம்?"

"அக்கா, நான் நிச்சயத்துக்கு வந்திருக்கேனா, இல்ல போலீஸ் சோதனைக்கு வந்திருக்கேனா?"

"தாய்மாமன்னா வந்து நாலு கிண்ணம் சாராயம் குடிச்சுட்டு, பல்லைக் குத்திக்கிட்டே பஸ் ஏறிடலாம்னு நெனச்சியா? வாயை மூடிக்கிட்டு உக்காரு."

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே முற்றத்தில் நிலக்கரி அடுப்பைச் சுற்றி உறவுக்காரர்கள் சூரியகாந்தி விதையை உடைத்து உடைத்துத் துப்பிக்கொண்டிருந்தார்கள். சமையல்கட்டிலிருந்து வினிகர் வாசம் கண்ணைக் கரித்தது. அக்கா மகள் யூன்லிங் ஜன்னலோரத்தில் நின்று, சிவப்பு ஸ்வெட்டரின் கைப்பகுதியை இழுத்து இழுத்து அதன் வடிவத்தையே கெடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருவதை முதலில் உள் அறையில் தாயும் தாய்மாமனும் பார்க்க வேண்டும். பிறகு தாய்மாமன் அதை முற்றத்துக்கு எடுத்துக்கொண்டு போய், இன்னது வந்திருக்கிறது, இத்தனை பெறும் என்று சபைக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். சொல்லிவிட்டால் நிச்சயம் முடிந்தது. சொல்லாவிட்டால் விதை தின்றவர்கள் எல்லாம் வாயைத் துடைத்துக்கொண்டு போக வேண்டியதுதான். போகிற வழியெல்லாம் பேசுவார்கள், அது வேறு விஷயம்.

மற்ற மாமன்களுக்கு இது சுலபமான வேலை. பணக்கட்டைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். என் தலையெழுத்து, நான் தையுவான் நகரத்துப் பழங்காசுச் சந்தையில் மாடியில் கடை போட்டிருக்கிறவன். பழைய காசு, பழைய கட்டி எதுவானாலும் பார்த்து, அசலா போலியா என்று சொல்லி, விலை போடுவது என் பிழைப்பு. இந்தப் பிழைப்பில் மனிதனுக்கு மனிதன் மேல் நம்பிக்கை போய்விடும். வாரத்துக்கு நான்கு பேராவது துணியில் சுற்றிய தங்கத் தோணியோடு, அதாவது தோணி வடிவத்தில் வார்த்த கட்டியோடு, படியேறி வருகிறார்கள். டிவி சீரியலில் ராஜா ஒரு தட்டு நிறைய மஞ்சள் தோணிகளை மந்திரியின் முன்னால் கொட்டுகிறாரே, அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். ஐயா, அந்தக் காலத்தில் தங்கத்தை இப்படிப் பெரிய தோணியாக வார்த்து யாரும் சந்தைக்கு எடுத்துப் போகவில்லை. சின்னக் கட்டியாக, பாளமாக, தகடாக வைத்திருந்தார்கள். பெரிய தோணியெல்லாம் வெள்ளி என்று சொன்னால் கேட்க மாட்டார்கள். கடித்துக் காட்டுவார்கள். கடித்துக் காட்டியதில் ஒருத்தருக்குப் பல்செட்டு கழன்று என் கண்ணாடிப் பெட்டி மேல் விழுந்தது. இத்தனை வருஷத்தில் அசல் பழைய தங்கத் தோணி ஒன்றே ஒன்றைத்தான் கையில் வாங்கியிருக்கிறேன். அது ஒரு வால்நட் அளவுகூட இல்லை. மற்றதெல்லாம் குபேரன் சிலைக்கு முன்னால் வைக்கிற பித்தளை. பித்தளை என்று சொன்னால் நான் திருடன், என் கண் அவிந்துபோன கண்.

அதனால்தான் தோங் வந்தபோது எனக்கு அவனைப் பிடித்துப்போனது. யூன்லிங் கட்டிக்கொள்ளப் போகிற பையன் அவன். தையுவானில் லிஃப்ட் மெக்கானிக். வசந்தத்தில் ஒருநாள் கடைக்கு வந்து, நகத்தில் கிரீஸோடு போனை நீட்டினான். "தங்கம்னு சொல்லலை மாமா. கறுப்பா இருக்கு. வெள்ளியா ஈயமான்னுகூடத் தெரியலை. எங்கப்பா வீட்டுச் சொத்துன்னு அம்மா சொல்லுவாங்க." போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. பெரிய வெள்ளித் தோணி. மேலே குளத்தில் கல் போட்ட மாதிரி வளையம் வளையமாக நெளிவு. அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டைகள். நடுவில் மூன்று முத்திரைகள், அடித்த அன்றைக்கு இருந்த கூர்மையோடு. ஒன்றில் கடைசி ராஜவம்சத்து வருஷம், ஒன்றில் ஊர் பெயர், ஒன்றில் வார்த்த கொல்லன் பெயர். அந்தக் கொல்லன் பெயரை நான் அதற்கு முன் எங்கேயும் பார்த்ததில்லை. அதுதான் விஷயம். வெறும் வெள்ளியாக உருக்கினால் பதினைந்தாயிரம் யுவான் தேறும். அந்தப் பெயரோடு, அந்தக் கறுப்போடு, இரண்டு லட்சத்துக்குக் குறைய மாட்டேன் என்று சந்தையில் அது கால் மேல் கால் போட்டு உட்காரும்.

அக்கா பரிசப் பணமாகக் கேட்டது ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரம். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அவ்வளவு வந்ததாம். பேராசைக்காரி என்று அவளைச் சொல்ல எனக்கு வாய் வராது. அத்தான் செத்தபோது அவளிடம் பிணத்துக்குப் போர்த்தத் துணி வாங்கக்கூடக் காசில்லை. பெண்ணின் பெயரில் கனமாக ஒன்று இருந்தாக வேண்டும் என்ற பயம் அன்றைக்குப் பிடித்தது, விடவே இல்லை. தோங் வீட்டில் ரொக்கம் கிடையாது. நான்தான் நடுவில் புகுந்து, அக்கா, பணத்துக்குப் பதில் இந்தக் கட்டியை யூன்லிங் பெயரில் வாங்கிக்கொள், என் பொறுப்பு என்றேன். மூன்று வாரம் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டாள்.

தோங்கிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "கழுவக் கூடாது. துணியால துடைக்கக் கூடாது. பல்பொடி போடக் கூடாது. வினிகர்ல ஊற வைக்கவே கூடாது, நம்ம ஊர்ப் பொம்பளைங்க எதையும் வினிகர்ல போடுவாங்க. உங்கம்மாகிட்ட சொல்லு, அதுமேல ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது." சொல்லிவிட்டானாம். அம்மாவும் சரி என்றாளாம்.

வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. தோங் இரண்டு கையிலும் சாராயப் பெட்டிகளோடு முதலில் நுழைந்தான். அவன் காலையில்தான் தையுவானிலிருந்து நேராக வந்து, வழியில் அம்மாவை ஏற்றிக்கொண்டவன். பின்னாலேயே அவன் அம்மா சுன்ஹே. ஒல்லியான பெண்பிள்ளை, புதிதாகச் சுருட்டிவிட்ட முடி, அதில் இன்னும் பார்லர் மருந்து நெடி. ஒரு கையில் பேரீச்சம்பழப் பை. இன்னொரு கையில் சிவப்புத் துணி போர்த்திய கட்டி. வணக்கம் சொல்லி, எல்லோரையும் பார்த்துச் சிரித்து, கட்டியை மேஜை மேல் ஆப்பிள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்தவுடன் துணியை எடுக்கவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு எடுத்தாள்.

அறையே மஞ்சளாகிவிட்டது.

"ஐயோ!" என்று அக்கா எழுந்துவிட்டாள். "தங்கம்டா! டேய், வெள்ளின்னு சொன்னியேடா பாவி!"

தோங் வாயைத் திறந்தபடி நின்றான். யூன்லிங் ஜன்னலிலிருந்து ஓடிவந்தாள். அக்கா போனை எடுத்து, தங்கத்தின் அன்றைய விலையைத் தேடி, எடையைக் கண் மதிப்பாகப் போட்டு, தப்புத் தப்பாக அழித்து அழித்துப் போட்டு, ஒரு தொகையைச் சொன்னாள். இருபது லட்சம். அத்தான் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சுன்ஹேயின் தோளை அடித்து அடித்துச் சிரித்தாள். சுன்ஹேயும் சிரித்தாள், எதற்கென்று சரியாகப் புரியாமலே.

நான் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். தராசு எடுக்கவில்லை, உரைகல் எடுக்கவில்லை. அந்த அம்மாள் அதை ஒரு கையில் தூக்கி வந்து வைத்ததைப் பார்த்தேனே, அதுவே போதும். அந்த அளவில் தங்கமாக இருந்தால் மூன்றரைக் கிலோ. பேரீச்சம்பழப் பையோடு ஒற்றைக் கையில் வராது. இது இரண்டு கிலோவுக்கும் குறைவு. வெள்ளி. என் வெள்ளி. போட்டோவில் நான் பார்த்து நாக்கு உலர்ந்த அதே கட்டி, கல்யாண மண்டபத்து அலங்கார விளக்கு மாதிரி உட்கார்ந்திருந்தது.

"அம்மா," என்றேன். "இதை என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே அண்ணே. நீங்க சொன்னீங்கன்னு தோங் சொன்னான். ஒரு சொட்டுத் தண்ணி படலை."

"அப்புறம் எப்படி இந்தக் கலர்?"

"முலாம் பூசினேன்." பெருமையாகத்தான் சொன்னாள். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒருத்தர் கோயில் சிலைக்கெல்லாம் பூசறாரு. அசல் தங்க முலாம்தான், எங்க வேணா கேட்டுப் பாருங்க. ஏதோ மருந்துல முக்கினாரு. தண்ணி இல்ல, மருந்து."

"முக்கறதுக்கு முன்னாடி?"

"அழுக்கு மேல பூசினா ஒட்டாதாமே. மெஷின்ல வெச்சு நல்லாத் தேய்ச்சாரு, முகம் தெரியற அளவுக்கு. தேய்ச்சதுக்குக் காசே வாங்கலை அண்ணே. நல்ல மனுஷன்."

நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். கட்டியை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். நெளிவுகள் இல்லை. வருஷம் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். ஊர் பெயர் இருந்த இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரி ஏதோ. கொல்லன் பெயர் இருந்த இடத்தில் என் மூக்கு தெரிந்தது. அந்த நல்ல மனுஷன் ஒரு எழுத்து விடாமல் வழித்துவிட்டான், அதுவும் இலவசமாக. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கட்டியாலேயே யார் தலையிலாவது போடலாம் போல் இருந்தது. கழுவாதே என்றேன், துடைக்காதே என்றேன், வினிகர் என்றேன், பல்பொடி என்றேன். முலாம் பூசாதே என்று சொல்லவில்லையாம்! எந்த மடையனுக்கு அதைச் சொல்லத் தோன்றும்?

யூன்லிங் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே என் முகம் அவளுக்கு அத்துபடி. காதருகே குனிந்தாள்.

"மாமா, தங்கம்னே சொல்லிடுங்க. கையெடுத்துக் கும்பிடறேன்."

"சொல்லிட்டா? இருபது லட்சத்தை உங்கம்மா தூங்க விடுவாளா? விடிஞ்சா நகைக்கடை வாசல்ல நிப்பா."

"என்னடா ரகசியம்?" என்றாள் அக்கா. சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சம் இருந்தது.

சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை, சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. தங்கமில்லை, வெள்ளி, அசல் வெள்ளிதான், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஆனால் விலை எல்லாம் அந்த அழுக்கிலும் எழுத்திலும்தான் இருந்தது, இரண்டையும் தேய்த்தாகிவிட்டது. மேலே இருக்கிற தங்கத்தைச் சுரண்டி விற்றால் ஒரு வேளைச் சாப்பாடு கூட வராது.

"இப்ப எவ்வளவு பெறும்?" அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

"பதினஞ்சாயிரம்."

"முன்னாடி?"

"உனக்குத்தான் தெரியுமே."

அக்கா போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். "வெளியே போய் எல்லாரையும் சாப்பிட்டுட்டுக் கிளம்பச் சொல்லு," என்றாள் என்னிடம். "நிச்சயம் இல்ல. பதினஞ்சாயிரத்துக்கு நான் பொண்ணைக் குடுக்கறதா இல்ல."

"அம்மா!" என்றாள் யூன்லிங்.

"நீ பேசாத. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா இந்த மினுக்கு உனக்குச் சோறு போடுமா?"

தோங் தன் அம்மாவின் பக்கம் திரும்பினான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அம்மா, அது ரெண்டு லட்சம்மா," என்றான், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. "அந்தக் கறுப்புதாம்மா ரெண்டு லட்சம். நாலு தடவை போன் பண்ணிச் சொன்னேனே."

சுன்ஹே அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தண்ணி படக் கூடாதுன்னுதானே சொன்னான்... உள்ள வெள்ளைதான்னு எனக்குத் தெரியும். மெஷின்ல போட்டதும் கறுப்பு போய் வெள்ளையா வந்துச்சு அண்ணே. பளீர்னு வெள்ளை. அதை எப்படி அப்படியே நிச்சயத்துக்குக் கொண்டாறது?"

"வெள்ளைன்னா என்னம்மா? வெள்ளின்னா வெள்ளையாத்தான் இருக்கும்." நான் பல்லைக் கடித்தேன்.

"என் கல்யாணத்துக்கு இவன் அப்பா வீட்டுல இதை என் பெட்டியில வெச்சுக் குடுத்தாங்க. மெத்தைக்கு அடியில." அவள் யாரையும் பார்க்காமல் கட்டியைப் பார்த்தே பேசினாள். "எங்க மாமியார் சொன்னாங்க, சிவப்புத் துணியாவது சுத்தி வையின்னு. நான் கேக்கலை. அப்ப இது கறுக்கலை, வெள்ளையாத்தான் உள்ள வந்து உக்காந்துச்சு. மறு வருஷம் இவன் அப்பா இருந்த சுரங்கம் இடிஞ்சது. சாவு வீட்டு வெள்ளைத் துணி என் தலையில ஏறிடுச்சு. இவன் அப்ப வயித்துல." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இந்தப் பொண்ணு தலையில ஏறக் கூடாதுன்னுதான் பூசினேன். முட்டை வித்த காசு அண்ணே. வேற எதுவும் எனக்குத் தெரியாது."

ஆத்திரம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆத்திரம் அப்படியே இருந்தது. யார் மேல் அதைக் கொட்டுவது என்றுதான் தெரியாமல் போய்விட்டது. தோங் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நான் பூதக்கண்ணாடியை உறையில் போட்டேன், திரும்ப எடுத்தேன், திரும்பப் போட்டேன்.

கரகரவென்று சத்தம் கேட்டது. ஆப்பிள் வெட்ட வைத்திருந்த கத்தியை எடுத்து சுன்ஹே கட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எடுத்துடறேன் அண்ணே. மேல பூசினதுதானே, எடுத்துடலாம். உள்ள இருக்கறது எங்க போயிடும்? உள்ள அப்படியேதான் இருக்கும்."

"ஐயோ, கீறாதீங்க!" என்று கத்திவிட்டேன். இத்தனை வருஷத்துப் பழக்கம். கத்திய பிறகுதான், இனிமேல் கீறினால் என்ன, கீறாவிட்டால் என்ன என்று உறைத்தது. அவள் நிறுத்தவில்லை. கத்தி வழுக்கி வழுக்கி ஓடியது. மஞ்சளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் விழுந்தன. எழுத்து ஒன்றும் வரவில்லை. வராத இடத்தை அவள் இன்னும் அழுத்திச் சுரண்டினாள். "இங்கதான் இருந்துச்சு. இங்க மூணு கட்டம் இருந்துச்சு. நான் பாத்திருக்கேன்."

அக்கா எழுந்தாள். நேராக வெளியே போய், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று எல்லோரையும் அனுப்பிவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். யூன்லிங்கும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கதவை மறைத்துக்கொண்டு நின்றாள். அக்கா கதவுப் பக்கம் போகவில்லை. மேஜையைச் சுற்றி வந்து சுன்ஹேயின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுங்க சம்பந்தி. கையை அறுத்துக்கப் போறீங்க."

"இருந்துச்சு அக்கா. சத்தியமா இருந்துச்சு."

"இருந்துச்சு. யாரு இல்லேன்னா? கத்தியைக் குடுங்க."

சுன்ஹேயின் விரல்கள் கத்தியை விடவில்லை. அக்கா ஒவ்வொன்றாகப் பிரித்து, கத்தியை வாங்கி, என் பக்கம் நகர்த்தினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

முற்றத்திலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். "யோவ் ரென்! உள்ள என்ன தூங்கறீங்களா? எடுத்துட்டு வாய்யா, பாக்கலாம். நூடுல்ஸ் ஆறுது!" நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

கட்டியை எடுத்துக் கையில் ஏந்திக்கொண்டேன். யூன்லிங் கதவை விட்டு விலகினாள், ஆனால் திறக்கவில்லை. தோங் இன்னும் சுவர்ப் பக்கமே நின்றான்.

"அக்கா," என்றேன். "போய் என்னன்னு சொல்லட்டும்?"

அவள் திரும்பவில்லை. சுன்ஹேயின் நகக்கண்களில் மஞ்சள் துகள் ஒட்டியிருந்தது. கத்தி பட்ட இடத்தில் கொஞ்சம் ரத்தம். அக்கா சிவப்புத் துணியின் முனையை ஆறிப்போன தேநீரில் நனைத்து, கட்டை விரலிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். ஒரு விரல் முடிந்ததும் சுன்ஹே அடுத்த விரலைத் தானே நீட்டினாள்.